இருபத்தேழாம் எண்

பெஞ்சு அன்றும் ஈரமாக இருந்தது. மழை பெய்து மூன்று வாரமாகிறது, கூரையில் ஒழுகல் கிடையாது, ஜன்னலும் எட்டத்தில்தான் இருந்தது. ஆனாலும் கடைசிக்கு முந்தின பெஞ்சில் அந்த ஓர் ஆள் இடம் மட்டும், யாரோ நனைந்த துணியோடு உட்கார்ந்துவிட்டு அப்போதுதான் எழுந்துபோன மாதிரி, பாசி நாற்றத்தோடு சில்லென்று கிடந்தது. சுருட்டை வழக்கம்போல அதைத் தன் கைக்குட்டையால் துடைத்து, ஜன்னலுக்கு வெளியே பிழிந்துவிட்டு வந்தாள்.

"இது அவ இடம். நீ தள்ளி உக்காரு, புதுசு."

புதுசு தள்ளி உட்கார்ந்தாள். அந்தப் பெயரே அவளுக்கு இனித்தது. வகுப்புகள் தொடங்கி ஒரு மாதம் கழித்துக் கல்லூரியில் சேருவது, நகர்ந்துவிட்ட பஸ்ஸில் ஓடி ஏறுவது மாதிரி. எல்லா சீட்டிலும் ஆள் இருக்கும், ஆள் இல்லாத சீட்டில் ஒரு பை இருக்கும். பத்து நாள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாடிப்படிக்கு அடியில், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே தனியாகச் சாப்பிட்டாள். சாயங்காலம் அம்மா போனில், "யாராச்சும் சேந்தாங்களாடி? வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு எத்தனை தடவ சொல்றேன்" என்பாள். நிறையப் பேர் என்று கூசாமல் புளுகிவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

பதினோராம் நாள் இந்த மூன்று பேரும் தாங்களாகவே வந்தார்கள். சுருட்டை, கண்ணாடி, நெட்டை. பள்ளியிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். கேட்டது ஒரே ஒரு உதவி. நாலாவது தோழிக்கு உடம்பு சரியில்லை; அவள் வரும்வரை வருகைப் பதிவில் இருபத்தேழுக்குக் குரல் கொடுக்க வேண்டும்.

"எங்க குரல் சாருக்குத் தெரியும். உன் குரல்தான் யாருக்கும் தெரியாது" என்றாள் கண்ணாடி.

பேராசிரியர் தலையைத் தூக்கியே பார்க்காத மனுஷர். ஒன்றிலிருந்து அறுபத்தொன்றுவரை மனப்பாடமாக ஒப்பிப்பார். குரல் வந்தால் ஒரு குறி, அவ்வளவுதான். இருபத்தேழின் குரலை மூன்று பேரும் அவளுக்குப் பழக்கினார்கள். கொஞ்சம் மூக்கால், கடைசியில் இழுத்து. சரியாக வந்த அன்று சுருட்டை அவளைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கட்டிக்கொள்ளலுக்காக அவள் எதையும் செய்திருப்பாள்.

மூன்று வாரம் அப்படிப் போனது. கடைசி எண்ணான அறுபத்தொன்று அவளுடையது. அதற்கு வாயைத் திறக்கும்போது மட்டும் தொண்டையில் தண்ணீர் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

அடையாள அட்டை வாங்க அலுவலகம் போனபோதுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. எழுத்தர் பதிவேட்டைப் பிரித்தார். இருபத்தேழாம் வரிசை சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது.

"காலேஜ் தொறந்த மூணாம் நாளே பின்னாடி குட்டையில விழுந்து போயிடுச்சேம்மா அந்தப் பொண்ணு. அந்தக் காலி எடத்துலதான உன்னையே சேத்தோம்."

சிவப்புக் கோட்டின்மேல் மூன்று வாரத்துக்கும் வருகைக் குறி இருந்தது. அறுபத்தொன்றின் எதிரே அதே மூன்று வாரமும் வெறுமை. எழுத்தர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவளையே பார்த்தார். "நீ ஏன்மா வர்றதே இல்ல?"

மறுநாள் அவள் வாயைத் திறக்கக் கூடாது என்ற முடிவோடு போனாள். பாசி நாற்றம் குமட்டியது. பக்கத்தில், காலி இடத்திலிருந்து, சொட்டுச் சொட்டாக ஏதோ தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"இருபத்தேழு."

மூன்று முகமும் அவள் பக்கம் திரும்பின.

"இருபத்தேழு."

"சொல்லு" என்றாள் சுருட்டை, சிரித்துக்கொண்டே. "இன்னிக்கு ஒரு நாள்தான். சொல்லலன்னா மாடிப்படிக்கே போயிடு. உன்னைத் தேட அங்கயும் யாரும் வரமாட்டாங்க."

உடைந்த நாற்காலிகள் நினைவுக்கு வந்தன. தனிச் சோறு. குழாய்ச் சத்தம்.

மூக்கால், கடைசியில் இழுத்து, சொன்னாள்.

சொட்டுவது நின்றது.

எண்கள் ஓடின. நாற்பது. ஐம்பது. குளிர் தொடையில் ஏறியது. இடுப்புக்கு. நெஞ்சுக்கு.

"அறுபத்தொன்று."

வாயைத் திறந்தாள். தண்ணீர்தான் வந்தது.

"எஸ் சார்." பக்கத்திலிருந்து. அவளுடைய குரல். அவளுடைய முகம். உலர்ந்த தலைமுடி.

பேராசிரியர் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். "வந்துட்டியா? உக்காரு."

மூன்று பேரும் அதைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பைக்குள் போன் அடித்தது. அது எடுத்தது.

"அம்மா, இன்னிக்கு எல்லாரும் சேந்து சாப்பிடப் போறோம்மா."

"இப்பதான்டி உன் குரலே நல்லாருக்கு." அம்மா சிரிப்பது கேட்டது. நிம்மதியான சிரிப்பு.

அவள் கத்தினாள். பெஞ்சின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"இன்னும் ஈரமா இருக்கே" என்றாள் நெட்டை.

"காஞ்சுடும்." சுருட்டை கைக்குட்டையை எடுத்தாள். மேலிருந்து துணி அவள்மீது இறங்கியது. மூலை விடாமல் அழுத்தித் துடைத்தது. பிறகு ஜன்னல். வெயில். இரண்டு கைகள் முறுக்க ஆரம்பித்தன.