பத்து ஸ்கொயர் ஒயர்

செல்போன் மூன்றாவது தடவை அடித்தபோதுதான் தீபலட்சுமி ஏணியிலிருந்து இறங்கினாள்.

முத்தியால்பேட்டையில் ஒரு மாடி வீட்டுக்கு ஒயரிங் வேலை. கையெல்லாம் சிமென்ட் தூசி. திரையில் பாக்கியலட்சுமி என்று பெயர் ஒளிர்ந்தது. தட்டாஞ்சாவடியில் கார் கேரேஜ் வைத்திருக்கும் கலியபெருமாளின் மனைவி. ஏதோ பல்பு எரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே போனைக் காதில் வைத்தாள்.

"நீ போட்ட ஒயருதான்டி எம்புருஷன எரிச்சிடுச்சு!"

அப்புறம் அழுகை மட்டும் கேட்டது.

தீபலட்சுமி போய்ச் சேர்ந்தபோது தீயை அணைத்திருந்தார்கள். உடலை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்விட்டார்கள். பெயிண்ட் அடிக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார் கலியபெருமாள். மேலே ஓடிய மெயின் ஒயர் பற்றிக்கொண்டது. கீழே தின்னர் டின்கள். வெளியே வர நேரமே கிடைக்கவில்லை.

எஸ்.ஐ. செம்மல் தொப்பியை அக்குளில் இடுக்கியபடி நின்றார். கையில் ஒரு முழ நீளத்துக்குக் கருகிய செம்புக் கம்பி.

"இது என்ன சைஸும்மா?"

அவள் பார்த்தாள்.

"ரெண்டரை ஸ்கொயர், சார்."

"நீங்க போட்டது?"

"பத்து... பத்து ஸ்கொயர்."

செம்மல் கம்பியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டார்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அவள் பார்த்த வேலை அது. மீட்டர் ரோட்டோரம். கேரேஜ் நாற்பது மீட்டர் பின்னால். அங்கே தனியாக ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டி வேண்டும் என்றார் கலியபெருமாள். கம்ப்ரஸர், வெல்டிங் செட், பெயிண்ட் உலர்த்தும் ஹீட்டர்... மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினாலும் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, தூரத்துக்கும் சேர்த்து, பத்து ஸ்கொயர், அதாவது பத்து சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள காப்பர் ஒயர் இழுத்தாள். பாதுகாப்புக்கு நாற்பது ஆம்பியர் பிரேக்கர். பத்துக்கு அது சரி. ரெண்டரைக்கு அது எமன். நாற்பதைத் தாண்டினால்தான் பிரேக்கர் விழும். ரெண்டரை ஒயர் அதற்கு வெகு முன்னாலேயே வெந்துபோகும்.

ஒயரைக் கடையிலிருந்து வாங்கி வந்தவர் கலியபெருமாள். பில் கேரேஜோடு எரிந்துவிட்டது. தீபலட்சுமியிடம் இருந்தது கணக்குப் போட்ட நோட்டு ஒன்றுதான். நோட்டில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்றார் செம்மல். நியாயம்தான். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, ஊரை விட்டு எங்கேயும் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த மாதம் கையில் நாலு வேலை இருந்தது. எந்த ஒயர் காயில் எந்த வீட்டுக்குப் போனது? ஒருவேளை... ஒருவேளை நானேதான் மாற்றி இழுத்துவிட்டேனோ? பதினோரு வருஷமாகத் தன் கையை நம்பிப் பிழைத்தவள், இப்போது அந்தக் கையைப் பார்க்கவே பயந்தாள்.

அப்போதுதான் சந்திரமோகன் வந்தார். கலியபெருமாளின் கூட்டாளி. கேரேஜிலும் அது நிற்கிற இடத்திலும் அவருக்குப் பாதி. ஊரே அவளைத் திட்டிக்கொண்டிருந்தபோது, சாப்பிட்டாயா என்று கேட்ட ஒரே மனுஷன். கவனக்குறைவால் சைஸ் மாறிவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார். பாக்கியலட்சுமியிடம் தானே பேசுவதாகவும், விபத்து என்று கேஸ் முடிந்துவிடும் என்றும் தைரியம் சொன்னார்.

"லைசென்ஸ் போவும். உள்ள போவ வேண்டியிருக்காது. யோசிச்சுப் பாரும்மா."

அவள் யோசித்தாள். மறுநாள் காலை பதினோரு மணிக்கு லாசுப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனாள்.

ஏசி சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. டைப் அடித்த வாக்குமூலம் மேஜை மேல் தயாராக இருந்தது. பேனாவையும் அவரே மூடி திறந்து கொடுத்தார். அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போடுகிறோமா, செய்த தப்புக்கா... அதுகூடத் தெரியவில்லையே என்று அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முகம் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் பின்பக்கம் போனாள்.

குழாய்க்கு மேலே ஏசியின் வெளி யூனிட்.

எந்த வீட்டுக்குப் போனாலும் மனுஷர்களைப் பார்ப்பதற்கு முன்னால் ஒயரைப் பார்க்கிற கண் அவளுக்கு. முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட அண்ணாந்து பார்த்தாள்.

ஒன்றரை டன் ஏசி. நாலு ஸ்கொயர் தாராளம். ஆனால் சுவரோடு ஓடியது பென்சில் பருமன் ஒயர். பத்து!

யாராவது போடுவார்களா?

பக்கத்திலிருந்த ஸ்விட்ச் பெட்டியின் மூடி சரியாகச் சாத்தவில்லை. உள்ளே பருமனான ஒயர் அடங்கவில்லை. மூடியை லேசாக விலக்கினாள்.

ஒயர் நுனியில் சிவப்பு நெயில் பாலிஷ். ஒன்றில் இரண்டு புள்ளி. இன்னொன்றில் மூன்று புள்ளி.

கலியபெருமாள் எல்லா ஒயரையும் ஒரே நிறத்தில் வாங்கி வந்திருந்தார். எது எது என்று அடையாளம் தெரிய அவள் வைத்த புள்ளிகள். மார்க்கர் அழிந்துவிடும், டேப் சூட்டில் கழன்றுவிடும் என்று அவள் பழகிக்கொண்ட வழக்கம். பாண்டிச்சேரியில் வேறு எந்த வயர்மேனும் செய்வதில்லை. அதற்காக அவளைக் கிண்டல் செய்யாத ஆளும் இல்லை.

போன மாதம் மகள் பிரசவத்துக்காகக் கலியபெருமாள் பத்து நாள் கடலூரில் இருந்தார். கேரேஜ் சாவி யாரிடம் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். பைப்புக்குள் ஓடும் பழைய ஒயரின் வாலில் மெல்லிய ஒயரைக் கட்டி மறுமுனையிலிருந்து இழுத்தால் போதும். ஒரு மணி நேர வேலை.

ஆளைக் கொல்லத் துணிந்தவருக்குச் செம்பைத் தூக்கிப் போட மனசு வரவில்லை!

"என்னம்மா பாக்குற?"

பின்னால் சந்திரமோகன். ஓடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஓடினால் இந்த ஒயர் சாயங்காலத்துக்குள் காணாமல் போய்விடும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லண்ணே. கையெழுத்து போட்டுடறேன். ஆனா எஸ்.ஐ. முன்னாடிதான் போடுவேன். நீங்க மெரட்டி வாங்கிட்டீங்கன்னு நாளைக்கு எவனாவது சொன்னா, உங்களுக்குத்தான கெட்ட பேரு?"

சந்திரமோகனின் முகம் மலர்ந்தது. எவ்வளவு நல்ல பெண் என்று பாராட்டிவிட்டு, ஸ்டேஷனுக்கு அவரே போன் போட்டார்.

இருபத்தைந்து நிமிஷம். எதிரே உட்கார்ந்து அவர் கொடுத்த காபியைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செம்மல் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்தார். தீபலட்சுமி அவரை மேஜைக்கு அழைத்துப் போகவில்லை. பின்பக்கம் ஸ்விட்ச் பெட்டிக்கு அழைத்துப் போனாள். நடந்ததைச் சொன்னாள். செம்மல் முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

"நெயில் பாலிஷ வச்சு கொலைக் கேஸு போட முடியாதும்மா."

"கேரேஜுக்கு நாலு ஒயர் இழுத்தேன் சார். இங்க ரெண்டுதான் இருக்கு. மீதி ரெண்டையும் இவர் தூக்கிப் போட்டிருக்க மாட்டாரு. தேடுங்க. ஒண்ணுல ஒரே ஒரு புள்ளி இருக்கும். இன்னொண்ணு நியூட்ரல், அதுல புள்ளியே இருக்காது."

சந்திரமோகன் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. கான்ஸ்டபிள் சமையலறைப் பரணில் ஏறியிருந்தார்.

பழைய பாய்க்கு அடியில் இரண்டு சுருள்கள். அழகாகச் சுற்றி, சணல் போட்டுக் கட்டி வைத்திருந்தது. ஒன்றின் நுனியில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. மற்றொன்று வெறுமை.

ஒயரை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார் செம்மல். சந்திரமோகன் ஒரு கடையைச் சொன்னார், உடனே வேறொன்றைச் சொன்னார். கேரேஜ் இருந்த இடத்தை விற்கக் கலியபெருமாள் ஒத்துக்கொள்ளவில்லை என்பது அரை மணி நேரத்தில் அவர் வாயாலேயே வெளியே வந்தது.

தீபலட்சுமி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலு நாளைக்கப்புறம் நிம்மதியாக அழுதாள்.

உள்ளே செம்மல் மேஜை மேலிருந்த வாக்குமூலத்தை எடுத்துப் படித்தார். பேனாவைச் சந்திரமோகனிடம் நீட்டினார்.

"சும்மா சொல்லக் கூடாது, நல்லா டைப் அடிச்சிருக்கீங்க. உங்களுக்குத்தான் எதையும் வீணாக்கப் பிடிக்காதே... பேர மட்டும் மாத்திட்டு, கையெழுத்த நீங்களே போட்டுடுங்க!"