ஏழு நாற்பதுக்கு ஒரு குறிப்பு

"பண்டிட்ஜி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளேன்ப்பா."

"இல்ல... இன்னொரு நாள் கேக்கறேன்."

போன குளிர்காலத்தில், அமீனாபாத் பீடாக்கடை வாசலில் நடந்த பேச்சு இது. "கேளேன்" என்றவர் எழுத்தாளர் ஓங்கார்நாத். வெள்ளைக்கார அதிகாரிக்கு வெடிகுண்டு வைத்த வழக்கில் ஏழு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். கேட்க வந்ததை விழுங்கிவிட்டவர் ராம்சுமேர். ஓங்கார்நாத்தைப் பின்தொடர்வதற்கென்றே சர்க்கார் மூன்று வருஷமாகச் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ரகசியப் போலீஸ்காரர். அவர் ரகசியம் என்பது லக்னோ முழுவதற்கும் தெரியும். பக்கத்தில் பீடா மென்றுகொண்டிருந்த வக்கீல் குமாஸ்தா கிர்தாரி, 'அப்படி என்னதான் கேட்க நினைத்தார் மனுஷன்?' என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டு, பிறகு மறந்தும் போனான்.

இன்று காலை ஒன்பது மணிக்கு ஓங்கார்நாத் வக்கீல் காஸிம் ரஸாவின் அறைக்குள் புயலாக நுழைந்தபோது, கிர்தாரி முதலில் பார்த்தது அவருடைய செருப்பைத்தான். இரவு பெய்த மழையில் கோமதி ஆற்றங்கரைச் சேறு அப்பியிருந்தது. விரிப்பு பாழ்.

"வக்கீல் சாஹப், என் நாவலோட கடைசி அத்தியாயம் காணோம். பன்னிரண்டு தாள். நகல் கிடையாது."

"உட்காருங்க ஜனாப். சாயா குடிச்சுக்கிட்டே தொலைக்கலாம்," என்றார் காஸிம் ரஸா. அவர் வீடு தீப்பிடித்தாலும் தீயை முதலில் உட்காரச் சொல்லுவார்.

"ஏழு மணிக்கு ஆத்தங்கரைக்கு நடக்கப் போனேன். தாள் மேஜைமேல இருந்துச்சு. எட்டரைக்கு வந்தா இல்ல. நடுவுல என் சிநேகிதன் ஜகமோகன் வந்து போயிருக்கான். என் சம்சாரம் சுமித்ரா பின்கட்டுல சமைச்சுக்கிட்டு இருந்தா. குரல் மட்டும் கேட்டுச்சாம்." ஓங்கார்நாத்தின் குரல் இறங்கியது. "எங்க வழக்குல யாரோ காட்டிக்கொடுத்தாங்க. பத்து வருஷமா ஊரே ஜகமோகனைச் சொல்லுது. நான்தான் நம்பலை. இன்னிக்கு அவன்தான் எடுத்தான்னா, செத்தாலும் அவன் முகத்துல முழிக்க மாட்டேன்."

"வெறுப்பு எங்க போயிடும்? சாயங்காலம்கூட ஆரம்பிச்சுக்கலாம்," என்று வக்கீல் தொப்பியை எடுத்துக்கொண்டார். கிர்தாரி பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டான்.

ஓங்கார்நாத் வீட்டு உள்வாசல் நிலை தாழ்வானது. புதியவர்கள் எல்லோரும் தலையை இடித்துக்கொள்வார்கள். கிர்தாரி ஐந்தாவது முறையாக வந்தும் இடித்துக்கொண்டான். ஆளனுப்பி அழைத்த ஜகமோகன் சிவப்புத் துண்டோடு மூலையில் நின்றார். நண்பர் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"அண்ணி, இந்த அத்தியாயத்துமேல உங்களுக்கு ஏதாவது கோபமா?" என்று சுமித்ராவைத் துருவினான் கிர்தாரி.

"இருக்கு. கதையில அந்தப் பொண்ணைத் தூக்குல போடறார். வேணாம்னு ரெண்டு மாசமா சண்டை. ஆனா எடுத்திருந்தா ஒளிச்சு வெப்பேனா? அவர் கண்ணு முன்னாடியே அடுப்புல போட்டிருப்பேன்."

எல்லோரும் நம்பினார்கள். ஓங்கார்நாத் சற்று நகர்ந்து நின்றார்.

"எதிர்ப்பக்கம் ஒரு அரசாங்க சாட்சி உட்கார்ந்திருக்காரே. அவரை வெயில்ல வெக்கிறது மரியாதையா?" என்றார் வக்கீல்.

ராம்சுமேர் தயங்கித் தயங்கி வந்தார். "மூணு வருஷமா வாசலைத் தாண்டினதில்ல சாஹப். அனுமதி இல்ல," என்றபடி நிலையில் அழகாகக் குனிந்து உள்ளே வந்து, கம்பு மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. கேட்டதும் நோட்டைப் பணிவாக நீட்டினார்.

கிர்தாரி உரக்கப் படித்தான். "ஏழு மணி: நபர் ஆற்றங்கரைக்குக் கிளம்பினார். பின்தொடர்ந்தேன். ஏழு நாற்பது: சிவப்புத் துண்டுக்காரர் நபரின் வீட்டுக்குள் போனார். ஏழு நாற்பத்தைந்து: வெறுங்கையோடு திரும்பினார். எட்டரை: நபர் வீடு திரும்பினார்." அவன் துள்ளினான். "வெறுங்கை! ஜகமோகன் பாய் எடுக்கலை."

"அருமை," என்றார் வக்கீல். "ஏழு நாற்பதுக்கு ராம்சுமேர் ஜனாப் எங்க இருந்தார், கிர்தாரி சாஹப்?"

"ஆத்தங்கரையில..." கிர்தாரி நோட்டை மறுபடி முதல் வரியிலிருந்து பார்த்தான்.

"ஆத்தங்கரையிலேர்ந்து இந்த வாசல் தெரியுமா? பண்டிட்ஜி செருப்புல அரைக்கிலோ சேறு. இவர் பூட்ஸ்ல முகம் பார்க்கலாம். வீட்டுக்குள்ள வந்ததே இல்லைங்கறவர், நீங்க அஞ்சு தடவை இடிச்சுக்கிட்ட நிலையில குனிஞ்சு வர்றார். ஒரு தடவை இடிபட்டுத்தானே கத்துக்கணும்? தலைப்பாகையை எடுத்தா வீக்கம் இருக்கும். எடுக்கச் சொல்ல மாட்டேன்."

ராம்சுமேர் தாமாகவே தலைப்பாகையை எடுத்தார். நெல்லிக்காய் அளவு வீக்கம். சட்டைக்குள்ளிருந்து பன்னிரண்டு தாள்களை உருவி மேஜைமேல் வைத்தார். ஓரிரண்டு இடங்களில் மை நனைந்து பரவியிருந்தது.

"படிச்சுட்டு வெச்சுடலாம்னுதான் எடுத்தேன். இவர் எழுத்தைக் கண்காணிக்கணும்னுதான் இந்தி நாகரி எழுத்தே கத்துக்கிட்டேன். பத்திரிகையில போன இதழ்ல அந்தப் பொண்ணு தூக்குமேடைப் படியில நிக்கிறதோட 'தொடரும்' போட்டுட்டாங்க. என் வீட்டுக்காரி ஒரு மாசமா சரியா சாப்பிடலை. படிச்சு முடிக்கிறதுக்குள்ள இவர் வந்துட்டார். திருப்பி வெக்க வழியில்லை."

"திருடின ஆளு, அவர் வெறுங்கையோடு போனார்னு ஏன் உண்மையை எழுதினீங்க?" கிர்தாரிக்குத் தாங்கவில்லை.

"பொய் எழுதினா பாவம் ஜகமோகன் பாய் மாட்டிக்குவாரே."

ஓங்கார்நாத் மூலைக்குப் போய் ஜகமோகனின் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார்.

"எதுக்கு வந்த காலையில?" என்றார்.

"கடைசி அத்தியாயம் கேக்கலாம்னுதான். நீ இல்ல. போயிட்டேன்."

சுமித்ரா எல்லோருக்கும் கச்சோரி கொண்டுவந்தாள். அழுத வாசகர் என்பதால் ராம்சுமேருக்கு இரண்டு அதிகம் வைத்தாள். அவர் தட்டைத் தொடாமல் வலது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி," என்றார் வக்கீல். "கடமை தவறாத ஆள் இன்னிக்கு ஏன் பின்னாடி போகலை?"

கிர்தாரிக்குப் பீடாக்கடைப் பேச்சு சட்டென்று நினைவு வந்தது. "ஏதோ கேக்கணும்னீங்களே, அதுவா?"

"அந்தப் பொண்ணைத் தூக்குலேர்ந்து இறக்கச் சொல்லப் போறியா?" என்றார் ஓங்கார்நாத். "மேலதிகாரிகிட்ட சொல்லாதேங்கறியா? அதைச் சொல்ல மாட்டேன். தைரியமா கேளு."

ராம்சுமேர் எழுந்து நின்றார். மூன்று வருஷத்துக் கூச்சம் முகமெல்லாம் பரவியது.

"பண்டிட்ஜி, எனக்கு முட்டி தேஞ்சுபோச்சு. நாளையிலேர்ந்து... கொஞ்சம் மெதுவா நடங்களேன்."