மயக்கத் தேநீர்

ஆத்திரத்தில் பெண்கள் தகரத்தைக் கல்லால் அடிக்கும் சத்தம் காதைக் கிழித்தது. தொண்டு ஊழியர் இல்ஹாமின் ஜீப்பை உதவியாளன் ஜுபைர் நிறுத்துவதற்குள் குடிசைப் பெண் மஸ்தூரா ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்ஹாம் அக்கா, சீக்கிரம் வாங்க! மாவு லாரியத் திருப்பி அனுப்பப் போறாங்க!”

மேட்டுச் சாலையில் இரண்டாவது லாரி மூட்டைகளோடு நின்றது. கீழே பள்ளத்தில் கிழிந்த தார்ப்பாய்க் குடிசைகள். யேமனின் தயீஸ் நகரத்தில் தெருப்பெருக்கி வாழ்ந்த இந்த மக்களும் போர் துரத்தியபோது மற்றவர்களோடுதான் ஓடிவந்தார்கள். பெரிய முகாமில் இவர்களுக்கு மட்டும் இடமில்லை என்றுவிட்டார்கள். இல்ஹாம் மாதக்கணக்கில் அலைந்து வாங்கிய முதல் லாரி நேற்று புறப்பட்டது. மாவு மட்டும் வந்து சேரவில்லை.

நிவாரணக் குழு அதிகாரி நுஃமான் கையை விரித்தார். “உங்க ஆளுங்களே சுருட்டிட்டாங்கம்மா. இனி இந்தப் பள்ளத்துக்கு ஒரு பிடி மாவு கிடையாது. ஷாயிஃப், நீயே சொல்லு.”

நேற்றைய ஓட்டுநர் ஷாயிஃப், கன்னத்தில் போதை தரும் காத் இலையை அடக்கியபடி தன் குடுவையிலிருந்து ஒரு மடக்கு தண்ணீர் குடித்தான். “டீல மயக்க மருந்து கலந்துட்டாங்கம்மா. கண்ணு முழிச்சா லாரி காலி.”

“பொய்! இவன் லாரி பள்ளத்துக்கே வரல!” என்று மஸ்தூரா சீறினாள்.

ஜுபைர் அதற்குள் அவள் குடிசை வாசலில் இருந்த தேநீர்க் கெண்டியை முகர்ந்துவிட்டான். “அக்கா, மருந்து வாசனை வருது!”

“அது ஏலக்காய், ஜுபைர்.”

இல்ஹாம் நிதானமாக ஷாயிஃபிடம் திரும்பினாள். “எங்க வெச்சுக் குடிச்சீங்க?”

“இவ குடிசைலதான். இதோ, இந்தக் கோப்பைல. ருசியா இருக்குன்னு கேட்டு வாங்கி மூணு தடவை குடிச்சேன்.”

“சரி. மஸ்தூரா, எல்லாருக்கும் டீ போடு.”

“டீயா? இப்பவா?” ஜுபைருக்குத் தலை சுற்றியது. குற்றவாளியைப் பிடிக்கிற நேரத்தில் விருந்தா?

தேநீர் வந்தது. இல்ஹாம் குடித்தாள். முதல் நாள் இங்கே கோப்பையை வாங்கத் தயங்கிய ஜுபைரின் கை, இன்று தானாக நீண்டது. நுஃமான் தன் கோப்பையை வாங்கிப் பக்கத்துக் கல்மேல் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தார்.

ஷாயிஃப் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “வேணாம்மா. வயிறு சரியில்ல.”

“ஒரே ஒரு வாய் குடிங்க. குடிச்சுட்டீங்கன்னா நீங்க சொன்னது நிஜம்னு எழுதிக் கொடுத்து, அந்த லாரிய நானே திருப்பி அனுப்பறேன்.”

மஸ்தூராவின் முகம் வெளுத்தது. ஷாயிஃபின் கை மெல்ல நீண்டு, கோப்பைக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றுவிட்டது.

“குடிச்சுத் தொலையேண்டா, எனக்கு வேலை இருக்கு!” என்றார் நுஃமான்.

மஸ்தூரா கோப்பையின் விளிம்பை முந்தானையால் துடைத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஷாயிஃப் துள்ளிப் பின்வாங்கினான். தேநீர் மண்ணில் சிந்தியது.

“பாத்தீங்களா?” இல்ஹாமின் குரல் உயரவில்லை. “குடிச்சா ஜெயிச்சுடலாம்னு தெரிஞ்சும் இவரால முடியல. நேத்து மூணு தடவை எப்படி முடிஞ்சுது? நான் இதைச் சொல்லி நீங்க நம்ப வேணாம் ஐயா. உங்க டீயும் ஆறிப்போச்சு, பாருங்க.”

நுஃமான் கல்மேல் ஆடை படர்ந்து கிடந்த தன் கோப்பையைப் பார்த்தார். முகம் சிவந்தது. நேரே போய் ஷாயிஃபின் சட்டையைப் பற்றினார்.

“உண்மையச் சொல்லு. நேத்து இவங்க டீயக் குடிச்சியா, இல்லையா?”

அவமானம் பொறுக்காமல் ஷாயிஃப் கத்தினான்:

“என்னய்யா கேக்கறீங்க? நான் நல்ல குடும்பத்துல பொறந்தவன், இவங்க கோப்பைல போயி வாய் வைப்பேனா?”