பூட்டு உடையாமல் போன மணி

காலை ஒன்பதரைக்கு இன்ஸ்பெக்டர் அந்தப் பழைய ரயில் நிலையத்துக்குள் நுழைந்தபோது, டிக்கெட் அறை மேஜை மேல் தூசு படியாத ஒரு வட்டம் மட்டும் இருந்தது. நேற்று மாலை வரை அங்கே பித்தளை மணி இருந்தது. கதவுப் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

பாதையை வேறு பக்கம் மாற்றிவிட்டதால் நிலையத்தை மூடி இரண்டு வருடம் ஆகிறது. மணியை நகரத்து அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போகத்தான் ரயில்வே அதிகாரி வந்திருந்தார். வந்த இடத்தில் மணி இல்லை. சாவி வைத்திருப்பவர் காவலுக்கு இருந்த பழைய போர்ட்டர் ஒருவர்தான். போதாக்குறைக்கு, மணியைக் கொடுக்கமாட்டேன் என்று போன வாரம் டீக்கடையில் சத்தம் போட்டிருக்கிறார். மாலைக்குள் மணி வராவிட்டால் போர்ட்டர் மேல் வழக்கு, காவல் வேலையும் போச்சு என்று அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்.

இன்ஸ்பெக்டருக்குப் போர்ட்டரைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவள் வளர்ந்தது இதே நிலையத்துக் குடியிருப்பில். அப்பா இங்கேதான் ஸ்டேஷன் மாஸ்டர். அவர் தலையசைக்க, போர்ட்டர் மணி அடிப்பார். முதல் மணிக்கு அடுப்பை அணைத்து, இரண்டாம் மணிக்கு வீட்டைப் பூட்டி, ஓட்டமும் நடையுமாக வந்தாலும் வண்டியைப் பிடித்துவிடலாம். ஊரே அப்படித்தான் பிரயாணம் போனது. அந்த நாட்களை நினைத்தால் அவளுக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கும்.

அப்பாவுக்கும் போர்ட்டருக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடினால்தான் நம் ஊர்க்காரன் வண்டியைத் தவறவிடமாட்டான் என்பது அப்பாவின் கட்சி. சீக்கிரம் வந்து காத்திருப்பவன் திட்டுவது என்னைத்தானே, சரியாக வைத்துத் தொலையுங்கள் என்பது போர்ட்டரின் கட்சி.

அவள் போர்ட்டரை உட்காரவைத்து விசாரித்தாள்.

"கடைசியா எப்ப உள்ள போனீங்க, மாமா?"

"நேத்து சாயங்காலம். பெருக்கிட்டுப் பூட்டினேன்."

"வேற ஏதாவது தொட்டீங்களா?"

"தொடப்பத்தைத் தவிர எதையும் தொடல. நீயுமா என்னைச் சந்தேகப்படுறே, பாப்பா?"

அவள் திரும்பி, நீங்கள் எதையாவது தொட்டீர்களா என்று அதிகாரியைக் கேட்டாள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டாராம், எதையும் தொடவில்லையாம். அவள் சுவரை நிமிர்ந்து பார்த்தாள், ஒன்பது ஐம்பது. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், ஒன்பது நாற்பத்தைந்து. தன் கடிகாரம்தான் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தாள். அது நன்றாகவே ஓடியது. ஓடாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு.

பிளாட்பாரத்தில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியிருந்தது. ஓரத்துப் பெஞ்சில் அப்பா, சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார்.

"எடுத்தது யாருன்னு தெரிஞ்சுடுச்சு," என்று அவள் அதிகாரியிடம் சொன்னாள். "எங்கப்பா."

கூட்டம் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அதிகாரி நம்பாமல் பார்த்தார்.

"அந்தக் கடிகாரத்துக்கு வாரத்துக்கு ஒரு தடவை சாவி கொடுக்கணும். ரெண்டு வருஷமா யாரும் கொடுக்கல. இன்னிக்கு ஓடுது. திருட வந்த இடத்துல யார் சார் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பாங்க? தினமும் இந்த ரூமுக்குள்ள வந்ததும் முதல் காரியமா அதைப் பார்த்தவர்தான் கொடுப்பார். கை தானா போயிருக்கும். போர்ட்டர் மாமா கொடுத்திருந்தா நேரம் சரியா இருந்திருக்கும். இது அஞ்சு நிமிஷம் முந்தி ஓடுது."

அப்பா எழுந்து வந்தார். ஒப்படைக்காமல் வைத்திருந்த இரண்டாவது சாவியை அவள் கையில் கொடுத்தார். நகரத்தில் அந்த மணியை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவிடுவார்கள், ஊருக்கு ஒரு போட்டோகூட மிஞ்சாது என்று பொறுக்கமுடியாமல் எடுத்ததாகச் சொன்னார். போர்ட்டர் மாட்டிக்கொள்வார் என்று யோசிக்கவே இல்லையாம். தெரிந்ததும் சொல்லத்தான் வந்தாராம். இத்தனை பேர் முன்னால் வாய் வரவில்லை.

"மணி எங்கப்பா?"

"நம்ம வீட்ல. அழுக்குத்துணிக் கூடையில, உன் யூனிஃபார்முக்கு அடியில. இன்ஸ்பெக்டர் வீட்டை யார் சோதனை போடப்போறாங்க?"

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அவளால் சிரிக்க முடியவில்லை. ஜீப்பை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் எழுதவேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் சரி என்றார்.

போர்ட்டர் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார். அப்பா அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டார்.

"அதை விடுங்க, சார். இந்த வயசுல அந்த மணியைத் தனியாவா தூக்கினீங்க?"

"சைக்கிள்ல வெச்சுத் தள்ளிட்டுப் போனேன்."

"என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"கூப்பிட்டிருந்தா ரெண்டு பேரும்ல மாட்டியிருப்போம்."

"மாட்டினா என்ன? பேச்சுத் துணைக்காவது ஆள் இருந்திருக்கும்," என்றார் போர்ட்டர். மணியோடு ஜீப் திரும்பி வந்ததும், கூப்பிடாமலேயே அதில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.