சிந்தாத ரத்தம்

எட்டாவது காஸ் துணியையும் நர்ஸ் தராசில் வைத்தாள். அதுவும் உலர்ந்த துணியின் எடையைத்தான் காட்டியது.

நனைந்த துணிகளை எண்ணி, எடை போட்டு, எவ்வளவு ரத்தம் போயிற்று என்று சொல்வது அறுவை அறையில் அவள் பொறுப்பு. மேசையில் மயக்கத்தில் கிடந்தவள் அவளுடைய அண்ணி. கர்ப்பப்பையில் கட்டிகள், மாதாமாதம் உதிரப்போக்கில் துவண்டு போனவள். பையை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க முடியாதா என்று அழுதவளை இந்த டாக்டரிடம் அழைத்து வந்ததே நர்ஸ்தான். அவரைக் கண்டால் ரத்தமே பயந்து பின்வாங்கும் என்று ஊழியர்கள் கிண்டல் செய்வார்கள். அவரோடு அவள் நிற்பது இதுதான் முதல் முறை.

எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ரத்தக்குழாய்களைச் சுருக்கும் ஊசியைப் போட்டார்; கர்ப்பப்பையின் அடியில் ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டினார். அதனால் ரத்தம் குறையும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அடியோடு இல்லாமல் போகாது. ஏ.சி.யின் உறுமலுக்கும் ஸ்பிரிட் வாடைக்கும் கத்தரிக்கோல் தட்டில் விழும் ஓசைக்கும் நடுவே, உறிஞ்சுகுழாய் வறண்ட தொண்டைபோல வெறும் காற்றையே இழுத்துக்கொண்டிருந்தது.

முதல் கட்டி வெளியே வந்தது. கைமுட்டி அளவு, வெளிறி, கெட்டியாக. தட்டில் வாங்கி ஓர மேசையில் வைத்தாள்.

மயக்க மருந்து டாக்டர் பிரஷர் இறங்குவதாகச் சொன்னார். சற்றுப் பொறுத்து மறுபடி சொன்னார், குரல் தாழ்ந்திருந்தது. உள்ளே எங்கும் கசிவில்லை என்றார் அறுவை டாக்டர்.

அண்ணியின் உதடுகள் வெளுத்திருந்தன.

"டாக்டர், அப்போ ரத்தம் எங்கே போகுது?"

"போகலைன்னா சந்தோஷப்படுங்க சிஸ்டர்."

அவர் நிமிரவில்லை. ஆனால் முகமூடிக்கு மேலே அவர் கண்கள் ஒருமுறை ஓர மேசைப் பக்கம் போய்த் திரும்பின. அவள் பார்த்துவிட்டாள்.

ரத்தப் பையை மாட்டினார்கள். வற்றியது. இன்னொன்று. அதுவும் வற்றியது. துணி நனையவில்லை.

அண்ணியின் நகங்களும் வெளுத்தன.

நர்ஸ் ஓர மேசைக்குத் திரும்பினாள்.

தட்டு போதவில்லை. கட்டி வீங்கி விளிம்பைத் தாண்டிப் பிதுங்கியிருந்தது. இப்போது வெளிறல் இல்லை. செக்கச்செவேலென்று.

தொட்டாள். கையுறையை மீறிய சூடு.

"அதைத் தொடாதீங்க சிஸ்டர்." அறுவை டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார்.

விரலடியில் ஒரு துடிப்பு. இன்னொன்று.

பின்னால் மானிட்டர் நீளமாக ஒரே ஓசையில் கூவத் தொடங்கியது. அண்ணியின் இதயம் நின்றுவிட்டது.

விரலடியில் இருந்தது நிற்கவில்லை.