கழித்துப் போட்ட புள்ளிகள்

மதியம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியின் அடித்தளத்துக்கு இறங்கியபோது, அவள் கையில் தம்பியின் சிறுநீரகத் துணுக்கு இருந்தது. தம்பி மூன்றாவது மாடி வார்டில் படுத்திருந்தான். போன வருடம் பெரியக்காவைக் கொண்டுபோன அதே நோய்தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவள் இவள்தான். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் அறை குளிர்ந்து கிடந்தது. பம்பு மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

மைக்ராஸ்கோப் படத்தில் எப்போதும் புள்ளி மழைதான். அதைத் துடைக்க அவளே ஒரு கணினி மாடலைப் பழக்கியிருந்தாள். ஒரே இடத்தை இரண்டு தடவை படமெடுத்துக் காட்டினால் போதும். இரண்டிலும் இருப்பது நிஜம், ஒன்றில் மட்டும் இருப்பது குப்பை என்று அது தானாகக் கற்றுக்கொள்ளும்.

அதில்தான் ஒரு தப்பு செய்திருந்தாள். பழக்குவதற்குப் பட ஜோடிகள் குறைந்தபோது, பெரியக்காவின் துணுக்கை அக்கா சாவதற்கு முந்தின நாள் எடுத்த படத்தோடு, செத்த மறுநாள் எடுத்த படத்தைச் சேர்த்துவிட்டாள். துணுக்கு அதேதானே, என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தாள்.

தம்பியின் படம் பளிச்சென்று வந்தது. நோயின் சுவடே இல்லை. அப்பாடா என்றிருந்தது. வழக்கம்போல, மாடல் கழித்துப் போட்ட புள்ளிகளையும் தனியே திறந்தாள்.

அதில் ஒரு கை இருந்தது.

சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்த கை. பெரியக்காவின் கை.

மறுபடி படமெடுத்தாள். இப்போது அந்தக் கை இன்னொரு கையைப் பிடித்திருந்தது. அதன் மணிக்கட்டில், சைக்கிளிலிருந்து விழுந்து தம்பி வாங்கிய தழும்பு.

அப்போதுதான் புரிந்தது. அந்த இரண்டு நாளுக்கு நடுவே அக்காவிடமிருந்து எது போனதோ, அதைத்தான் குப்பையென்று கழிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

மூன்றாவது படம். இரண்டு கைகளும் ஓரத்துக்கு நகர்ந்திருந்தன, ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு போவதுபோல.

மாடலை அழித்தாள். அதுவும் போதாதென்று மெயின் சுவிட்சையே அணைத்தாள். பம்பின் முனகல் நின்றது.

போன் அடித்தது. தம்பி.

"சின்னக்கா... பெரியக்கா வந்திருந்தா. கைய இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு விடவே மாட்டேன்னா."

"இப்ப?"

"இப்பதான் விட்டா. எனக்கு ஒண்ணுமில்ல, நீ பயப்படாத."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "எங்கடா போனா?"

"உன்கிட்டதான். மூணு தடவ படமெடுத்து நீதான் கூப்பிட்டியாமே."

போன் இல்லாத அவளது இடது கையின் விரல்களுக்கு நடுவே, வளைந்த சுண்டுவிரல் ஒன்று ஜில்லென்று கோத்துக்கொண்டது.