கண்மாயில் மிதக்காத லைஃப் ஜாக்கெட்டுகள்

தீயணைப்பு வீரர்கள் அழகுபாண்டியின் உடலைக் கரையேற்றியபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. காலையில்தான் குலதெய்வக் கோயிலில் மகளோடு சேர்ந்து மொட்டை போட்டிருந்தான். தலையில் பூசிய சந்தனம் பூராவும் கண்மாய்த் தண்ணீரில் கரைந்து போயிருந்தது. உடம்பில் வேட்டியும் சட்டையும் இருந்தன. லைஃப் ஜாக்கெட் இல்லை.

அவனியாபுரத்துக்குத் தெற்கே, மழைக்கு நிறைந்து கிடந்த கண்மாய் அது. தண்ணீருக்குள் மூழ்கியிருந்த கருவேல மரத்தின் அடிக்கட்டையில் மோதி விசைப்படகு கவிழ்ந்துவிட்டது. கூடப் போன சொந்தக்காரர்கள் ஏழு பேரும் படகோட்டி சிவபாண்டியும் கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்கித் தப்பினார்கள். பாதிப் பேரைப் படகுப் பக்கம் தள்ளிவிட்டவன் அழகுபாண்டிதான். அவன் கைக்குத்தான் பிடிக்க ஒன்றும் எட்டவில்லை.

மறு வாரம், திங்கட்கிழமை காலை பத்து மணி. திருநகர்.

வக்கீல் கனகலட்சுமியின் எதிரே அழகுபாண்டியின் மனைவி மீனா உட்கார்ந்திருந்தாள். மடியில் மூன்று வயது மகள் பவதாரிணி. பக்கத்தில் அழகுபாண்டியின் தம்பி முத்திருளன். படகில் போய்ப் பிழைத்தவர்களில் ஒருவன். பழங்காநத்தத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். படகுத்துறையைக் குத்தகைக்கு நடத்தும் பாண்டிராஜ், சாயங்காலத்துக்குள் ஒரு பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். இனி எந்த வழக்கும் போடமாட்டேன் என்று மீனா எழுதிக் கொடுத்தால், இரக்கப்பட்டு ஏதோ தருவாராம்.

"கோர்ட்டுக்குப் போனா ஒண்ணுமே கிடைக்காதுன்றாரு அக்கா," என்றாள் மீனா. "இந்தப் பிள்ளைய நான் ஆளாக்கணும். போட்டுறவா?"

கனகலட்சுமி அவளுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னாள். காசு கொடுத்துப் படகில் ஏறியவர் அலட்சியத்தால் செத்துப்போனால், மனைவி, பிள்ளை, பெற்றவர்கள் நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். அதற்கு இரண்டு வருஷம் வரை அவகாசம் இருக்கிறது. 'சொந்தப் பொறுப்பில் ஏறவும்' என்று போர்டு மாட்டிவிட்டால் மட்டும் நடத்துகிறவர் தப்பிவிட முடியாது. போலீஸ் வழக்கு ஒரு பக்கம் நடக்கும், இழப்பீடு தனி. வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லாவிட்டால் இலவச சட்ட உதவியும் உண்டு.

மீனாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. முத்திருளன்தான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"கெடுத்ததே நாந்தான்க்கா. ஜாக்கெட்ட நாங்களேதான் கழட்டுனோம்னு போலீஸ்ல சொல்லிட்டேன். நடந்ததத்தான சொல்லணும்?"

பாண்டிராஜின் பலமே அந்த வார்த்தைதான். அதோடு ஒரு போட்டோவும் வைத்திருந்தார். ஏறும் முன்னால் எடுத்தது. மீனாவின் போனுக்கும் அனுப்பியிருந்தார். எட்டுப் பேரும் ஆரஞ்சு ஜாக்கெட் மாட்டிக்கொண்டு படகுத்துறையில் நின்றார்கள். படகில் ஏறாமல் ஓரத்தில் நின்ற மீனாவின் இடுப்பிலிருந்து சந்தன மொட்டையோடு குழந்தை அப்பா பக்கம் சாய்ந்திருந்தது. அழகுபாண்டியின் ஜாக்கெட்டில், இடது மார்பில், மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது.

கனகலட்சுமி இருபது வருஷமாக வரப்புத் தகராறு பார்த்தவள். என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்னால் எந்த இடத்தில் நடந்தது என்று கேட்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

"எந்த எடத்துல வச்சுக் கழட்டுனீங்க?"

முத்திருளன் விழித்தான். அதை அவனிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. "கரையிலதான். போட்டோ எடுத்து முடிச்சதும்."

"ஏன்?"

"திருவிழா போட்டோக் கடையில கோட்டு மாட்டி விடுவாங்கள்ல? எடுத்ததும் வாங்கிக்கிருவாங்க. இதுவும் அதுமாதிரி போட்டோவுக்குத்தான்னு நெனச்சோம். எங்க ஆளுக யாரும் அதுக்கு முந்திப் படகுல ஏறுனதில்ல. ஒரு ஆளு கைய நீட்டுனாரு, கழட்டிக் குடுத்துட்டோம்."

"யாரு நீட்டுனா?"

"அம்புட்டுக் கூட்டம். மூஞ்சியப் பாக்கலக்கா."

கனகலட்சுமி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, அவர்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பகல் பன்னிரண்டரை. படகுத்துறை.

வழக்கை விசாரிக்கும் சப்-இன்ஸ்பெக்டரையும் போன் செய்து வரவழைத்திருந்தாள். பாண்டிராஜ் நல்ல மரியாதையாக நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். டம்ளரை நீட்டிய வலது கையில் கட்டைவிரல் பாதிதான் இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்ததும், "வாடிவாசல்ல காளை கயித்தோட இழுத்துருச்சு சார். விரலு போச்சு, மாட்ட விடலையே," என்று பாண்டிராஜ் சிரித்தார்.

விபத்தன்று தான் கண்மாய்ப் பக்கமே வரவில்லை என்றார். திருமங்கலத்தில் ஒரு கல்யாணமாம். அன்றைக்குத் துறையைப் பார்த்துக்கொண்டது சிவபாண்டியாம். அவனோ ஒரு வாரமாக ஜெயிலில் இருந்தான். கேட்ட கேள்வி எதற்கும் அவன் வாய் திறக்கவில்லை.

"எட்டுப் பேரும் நடுத் தண்ணியில கழட்டிட்டாங்களா?" என்று கேட்டாள் கனகலட்சுமி.

"ஆமா மேடம். புழுக்கம்னு கழட்டிப் படகுக்குள்ள போட்டுருக்காங்க."

"படகு கவுந்துச்சே. அந்த எட்டு ஜாக்கெட்டும் எங்க?"

"தண்ணியில போயிருக்கும்."

கனகலட்சுமி சப்-இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மெதுவாகச் சொன்னார்: தீயணைப்புக்காரர்கள் கண்மாய் முழுக்கத் தேடியபோது செருப்பும் தண்ணீர் பாட்டிலும்தான் மிதந்தன. ஆரஞ்சு நிறத்தில் ஒன்றுமில்லை.

"செருப்பு மிதந்துச்சு. மிதக்குறதுக்குன்னே செஞ்சது முங்கிப்போச்சா?"

பாண்டிராஜ் மோர் டம்ளர்களை எடுத்து அடுக்கத் தொடங்கினார். கனகலட்சுமி அவரை விட்டுவிட்டு, துறை ஓரத்தில் இருந்த போட்டோக் கடைக்கு நடந்தாள். ஒவ்வொரு படகுக்கும் ஒரு படம் எடுத்து, உடனே அச்சிட்டுத் தொங்கவிட்டு விற்பது கருப்புவின் தொழில். விபத்துக்குப் பிறகு படகும் ஓடவில்லை, அவனுக்கு வியாபாரமும் இல்லை. வாங்கப்படாத படங்கள் கம்பியில் அப்படியே தொங்கின.

"தம்பி, அழகுபாண்டி படகுக்கு அடுத்த படகுல ஏற நின்னவங்க படம் இருக்கா?"

"இருக்கு மேடம். அதக் காட்டுறதுக்குள்ளதான் சத்தம் கேட்டுச்சு. அவுக வாங்காமலே ஓடிட்டாக."

கருப்பு எடுத்துக் கொடுத்தான். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். எல்லோரும் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டிருந்தார்கள். கனகலட்சுமி நெடுநேரம் பார்த்தாள். பிறகு மீனாவைக் கூப்பிட்டாள்.

"இந்த அம்மா போட்டிருக்கிற ஜாக்கெட்டப் பாரு. இடது மார்புல."

மீனா பார்த்தாள். நீளக் கூந்தலில் மல்லிகை வைத்த, முன்பின் தெரியாத பெண். மொட்டையும் இல்லை, சந்தனமும் இல்லை. ஆனால் அவள் ஜாக்கெட்டில் ஒரு சின்னக் கைத்தடம், ஐந்து விரலும் விரிந்து, சந்தன நிறத்தில் இருந்தது.

"இது எம்பிள்ள கை," என்றாள் மீனா. "தன் தலையத் தடவிட்டு, அப்பா நெஞ்சுல ஒரு அடி அடிச்சா. எல்லாரும் சிரிச்சோம்."

இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். அதே இடம், அதே தடம்.

கனகலட்சுமி சப்-இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "பின்னால பாருங்க சார். கண்மாய் நடுவுல ஒரு படகு போகுது, இன்னும் கவுறல. அதுல சந்தன மொட்டை தெரியுது. வெள்ளச் சட்டையும் சேலையும் தெரியுது, ஒரு ஜாக்கெட்கூடத் தெரியல. அவங்க ஜாக்கெட்டு அந்நேரம் கரையில, இன்னொரு குடும்பத்து மேல இருக்கு. ஒரே செட்ட வச்சு ரெண்டு படகு ஓட்டிருக்காங்க. போட்டோவுக்கு மாட்டி விடுறது, எடுத்ததும் வாங்கி அடுத்தவங்களுக்குக் குடுக்குறது."

"சிவபாண்டி செஞ்ச வேலையா இருக்கும் மேடம்," என்றார் பாண்டிராஜ்.

"சிவபாண்டி அந்தப் படகுல இருக்கான். அப்ப இது யாரு?"

படத்தின் வலது ஓரத்தில், மல்லிகை வைத்த பெண்ணின் இடுப்பு வாரை மாட்டிவிடும் ஒரு கை மட்டும் விழுந்திருந்தது. ஆள் படத்துக்கு வெளியே நின்றிருந்தார். அந்தக் கையில் கட்டைவிரல் பாதிதான் இருந்தது.

"திருமங்கலத்துக் கல்யாணத்துல இல்ல, இங்கதான் இருந்திருக்கீங்க. கைய நீட்டி வாங்குன ஆளு நீங்கதான் பாண்டிராஜ்."

பாண்டிராஜ் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். கருப்பு யாரும் கேட்காமலே பேசினான். ஒவ்வொரு படகுக்கும் அவர்தான் நின்று வாங்குவார் என்றான். விருதுநகர்க் குடும்பத்தின் போன் நம்பர் தன்னிடம் இருக்கிறது என்றான். சப்-இன்ஸ்பெக்டர் படங்களைக் கவரில் போட்டு, பாண்டிராஜை ஜீப்புக்குக் கூட்டிப் போனார்.

போகிற வழியில் பாண்டிராஜ் மீனாவைப் பார்த்து நின்றார். "தங்கச்சி, அந்தப் பத்திரம்..."

"போடமாட்டேன்ணே," என்றாள் மீனா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "எம்பிள்ளைக்கு இரக்கப்பட்டு ஒண்ணும் வேணாம். உரியத வாங்கிக்கிருவோம்."

முத்திருளன் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினான். தன் வாக்குமூலத்தில் விட்டுப்போனதைச் சொல்ல இன்றைக்கே ஸ்டேஷனுக்கு வாரேன் என்றான்.

திரும்பும்போது மீனா சிவபாண்டியைப் பற்றிக் கேட்டாள். அவன்மேல் தப்பே இல்லை என்று கனகலட்சுமி சொல்லவில்லை. ஜாக்கெட் இல்லாமல் படகை எடுத்தவன் அவன். ஆனால் எடுக்கச் சொன்னவர் பழியை மொத்தமாக அவன் தலையில் இறக்கிவிட்டிருந்தார். வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் அவன் வாய் திறக்கவில்லை.

"சிவபாண்டி வீடு அவனியாபுரத்துலதானே? போற வழிதான். இப்பவே போவோம்க்கா."

மூன்று மணி. சிவபாண்டியின் அம்மா மலையம்மாள் கதவைத் திறந்தாள். வாசலில் நிற்பது யார் என்று தெரிந்ததும், சாபத்துக்குத் தயாரானவள்போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மீனா குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"சேலைய மாத்திட்டு வாங்கம்மா, ஒங்க மகனப் பாக்க ஜெயிலுக்குப் போவோம்," என்றாள். "நீங்க சொன்னாக் கேப்பாரு. உள்ளதச் சொன்னாப் போதும், மொத்தப் பழியும் அவரு தலையில விழாது. வக்கீலம்மா ஆட்டோவுல இருக்காக. எடமிருக்கு."